மூங்கில் எழுத்துக்கு ஓர் எண்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் தமிழின் தொன்மையையும் இனிமையையும் எடுத்துரைப்பது நெடுநாளைய வழக்கம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளோ, பிலிப்பீன் நாட்டில் மலைச்சரிவுகளில் வாழும் சிறு குடி ஒன்றின் ஓர் எழுத்தைப் பற்றியது. தமிழர் கூடிய அவையில் இஃது எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அயலார் எழுத்து ஒன்று எவ்வாறு பிறந்து, எவ்வாறு வழங்கி, எவ்வாறு கணிப்பொறிக்குள் புகுந்தது என்பதை அறிந்தால், எழுத்து என்பது எதனால் வாழ்கிறது என்பது விளங்கும். அது விளங்கினால் நம் வீட்டுப் பிள்ளைகளின் தமிழைப் பற்றியும் தெளிவாகச் சிந்திக்கலாம்.

பிலிப்பீன் நாடு பல தீவுகளின் தொகுதி. தலைநகர் மணிலா இருக்கும் லூசோன் தீவுக்குத் தெற்கே மிண்டோரோ என்னும் தீவு உள்ளது. அத்தீவின் பழங்குடிகள் எண்வகையினர். அவர்கள் அனைவரையும் மங்யன் என்னும் பொதுப்பெயரால் அழைப்பர். அவருள் தென்கோடியில் மான்சலாய், புலாலகாவ் என்னும் ஊர்களின் மலைப்பகுதிகளில் வாழ்வோர் ஹனுனோ மக்கள். ஹனுனோ என்னும் சொல்லுக்கு ‘உண்மையான’ என்பது பொருள். மலைச்சரிவில் காடு திருத்திப் பயிர் செய்து வாழும் இம்மக்களின் வேளாண்மையைப் பற்றி ஹாரல்டு காங்க்லின் என்னும் அமெரிக்க மானிடவியலறிஞர் எழுதிய நூல் 1957இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. அவர்களுடைய எழுத்தறிவைக் கண்டு வியந்து எழுதியவரும் அவரே.

அவர்களுக்கு ஏடு மூங்கில், எழுத்தாணி கத்தி. மூங்கிலின் வழவழப்பான புறத்தில் கத்தி முனையால் கீறி எழுதுகிறார்கள். எழுதும் திசை நமக்குப் புதுமையானது. உடலுக்கு அருகில் தொடங்கி அப்பால் நோக்கி, அதாவது கீழிருந்து மேலாகக் கீறிக்கொண்டு போவர். ஒரு நிரல் முடிந்தால் அதற்கு வலப்புறத்தில் அடுத்த நிரலைத் தொடங்குவர். இடக்கைப் பழக்கமுடையோர் எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதுவதும் உண்டு. அதனைப் பிழை என்று எவரும் அடிப்பதில்லை.

எழுத்தின் அமைப்போ நமக்கு நன்கு பழகியது. அ, இ, உ என்னும் மூன்று உயிர்கள், பதினைந்து மெய்கள். மெய்யெழுத்து ஒவ்வொன்றும் அகரம் ஏறிய நிலையிலேயே எழுதப்படும். இகரம் ஏறினால் ஒரு பக்கத்தில் சிறு கோடு. உகரம் ஏறினால் மறுபக்கத்தில் சிறு கோடு. தங்கம் என்னும் சொல்லில் வரும் ககரத்தையும் கடல் என்னும் சொல்லில் வரும் ககரத்தையும் நாம் ஒரே எழுத்தால் எழுதுகிறோம். அவர்கள் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து வைத்திருக்கிறார்கள். இந்த வேற்றுமையை நீக்கிப் பார்த்தால், அகரம் ஏறிய மெய்யும் அதனைச் சார்ந்த உயிர்க்குறியும் என்னும் அடிப்படை, நம் எழுத்துக்கும் அவர்கள் எழுத்துக்கும் ஒன்றே.

இவ்வொற்றுமை தற்செயலாக நேர்ந்ததன்று. தென்னகத்தில் பல்லவர் காலத்தில் வழங்கிய எழுத்து கடல் கடந்து சாவகத்தை அடைந்து, அங்கே கவி என்னும் எழுத்தாக உருமாறியது. பிலிப்பீன் நாட்டின் லகுனா மாநிலத்தில் 1989இல் ஒரு செப்பேடு கிடைத்தது. சக ஆண்டு 822, அதாவது கி.பி. 900ஆம் ஆண்டினைச் சேர்ந்த அச்செப்பேடு, கவி எழுத்தில் பொறிக்கப்பட்ட கடன் தீர்வு ஆவணம். பிலிப்பீன் எழுத்துகள் பிராமியின் வழித்தோன்றல்கள், கவி எழுத்தின் வழியாக அங்கே சென்றவை என்பதே அறிஞர் பலர் கருத்து. அவ்வாறாயின், ஹனுனோ எழுத்தும் தமிழெழுத்தும் ஒரு பாட்டியின் பேரப்பிள்ளைகள் என்று சொல்லலாம்.

பதினைந்து மெய்களுள் நாம் எடுத்துக்கொண்டது ஙகரம். தமிழில் ஙகரம் தனக்கென ஒரு சொல்லும் தொடங்காமல், ககரத்துக்கு முன்னே ஒற்றாக நின்று தொண்டு செய்யும் எழுத்து. அங்கே, இங்கே, சங்கம், தங்கை எனக் ககரத்தின் கையைப் பிடித்தே நடக்கும். ‘அங்ஙனம்’ போன்ற ஒருசில சொற்களில் மட்டுமே உயிர் ஏறி வரும். பிலிப்பீன் மொழிகளிலோ இவ்வொலி சொல்லுக்கு முதலில் தலைநிமிர்ந்து வரும். அந்நாட்டின் தகலோக மொழியில் பல்லுக்கு ‘ஙிபின்’ என்றும், புன்னகைக்கு ‘ஙிதி’ என்றும் பெயர்.

இனி ஒரு விந்தையைக் கேளுங்கள். ஹனுனோவின் பழைய எழுத்து முறையில் ஒற்றெழுத்தைக் குறிக்க வழியில்லை. சொல்லின் இடையிலோ கடையிலோ உயிரில்லாத மெய் வந்தால் அதனை எழுதாமலே விட்டுவிடுவர்; படிப்பவர் இடம் நோக்கி அதனை ஊகித்துக்கொள்ள வேண்டும். ஆகவே ‘மங்யன்’ என்னும் தம் குடிப்பெயரை எழுத வேண்டுமாயின், ‘மய’ என்று இரண்டே எழுத்துகளைக் கீறினர். ஙகரமும் னகரமும் வாயில் ஒலித்தன, மூங்கிலில் இல்லை.

நம் முன்னோர்க்கும் இதனையொத்த இடர் இருந்ததை இங்கே நினைத்தல் தகும். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருப்பினும், பனையோலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியிடாமலே எழுதிச் சென்றனர். ஏட்டுச் சுவடிகளை அச்சேற்றிய டாக்டர் உ. வே. சாமிநாதையர் போன்றோர், எது மெய், எது உயிர்மெய் என்று பிரித்தறியப் பட்ட பாடு கொஞ்சமன்று. புள்ளி என்பது சிறியதாயினும் அதன் பணி பெரிது.

ஹனுனோ எழுத்துக்கு அக்குறையைத் தீர்த்து வைத்தவர் அந்தூன் போஸ்த்மா என்னும் டச்சுப் பாதிரியார். மான்சலாய்ப் பகுதியிலுள்ள பனாய்த்தாயன் என்னும் சிற்றூரில் மங்யன் மக்களோடு பல்லாண்டுகள் வாழ்ந்து, 2016இல் மறைந்தவர் அவர். முன்னர்க் கூறிய லகுனாச் செப்பேட்டைப் படித்துப் பொருள் கண்டவரும் அவரே. மெய்யில் ஏறிய அகரத்தை நீக்குவதற்கென்று ‘பமுத்பொத்’ என்னும் குறியினை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர் அறிமுகப்படுத்தினார். நம்முடைய புள்ளி செய்யும் வேலையையே அக்குறி செய்கிறது. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டுக்கு வடிவம் தந்த வீரமாமுனிவரும் ஒரு பாதிரியாரே என்பதனைத் தமிழர் மறந்திருக்கமாட்டார்கள். பமுத்பொத் வந்தபின் ‘மங்யன்’ என்னும் பெயரை ம, ங், ய, ன் என்று நாம் எழுதுவது போலவே அவர்களும் எழுத முடிந்தது. தன் குடியின் பெயரில் எழுதப்படாமல் இருந்த ஙகரம் அன்றுதான் அப்பெயருக்குள் இடம் பெற்றது.

மூங்கிலில் இடம் பெற்ற எழுத்துக்குக் கணிப்பொறியில் இடம் கிடைத்தது எவ்வாறு? கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது. எண் ஒன்றே தெரியும். அதுவும் சுழியும் ஒன்றுமாகிய இரண்டே இலக்கங்களால் ஆன எண். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்தாக வேண்டும். அவ்வெண்ணை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பம்போல் கொடுத்தால் என்ன நேரும் என்பது நமக்குத் தெரியாததன்று. 1990களில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டு முறையில் அமைந்திருந்தன. ஓர் எழுத்துருவில் எழுதிய மடலை வேறோர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற கிறுக்கல்களே தோன்றும். அக்குழப்பத்தைத் தீர்க்கவே 1999இல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடி, விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் பொது முறைகளை வகுத்தது.

உலக மொழிகள் அனைத்துக்கும் இவ்வாறு பொது முறை ஒன்றினை வகுப்பதற்காக 1991இல் தோன்றியதே யூனிக்கோடு அமைப்பு. அதன் பேரேட்டில் 11 இலட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் உள்ளன. ஓர் எழுத்து முறையைச் சேர்க்க வேண்டுமாயின், அது மெய்யாகவே வழங்கியது அல்லது வழங்குகிறது என்பதற்குச் சான்றுகளோடு விண்ணப்பம் செய்ய வேண்டும். எது எழுத்து, எது எழுத்தைச் சாரும் குறி, அவற்றின் வரிசை என்ன, எத்திசையில் அமையும் என்பவற்றையெல்லாம் வரையறுத்துக் கூற வேண்டும். அறிஞர் குழு அவற்றை ஆராய்ந்த பின்னரே எண் வழங்கப்படும்.

தமிழுக்கு 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே இடம் கிடைத்துவிட்டது. ஹனுனோவுக்கு 2002ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளிவந்த 3.2ஆம் பதிப்பில் கிடைத்தது. தகலோகம், புகித், தக்பன்வா என்னும் ஏனைய மூன்று பிலிப்பீன் எழுத்துகளும் அதனோடு சேர்ந்தே வந்தன. யூனிக்கோட்டார் இவ்வாறு ஒதுக்கும் பகுதிக்குப் ‘பிளாக்’ என்றே பெயர். காலனியில் வாழும் நமக்கு இதனை விளக்கவே வேண்டியதில்லை. ஹனுனோவின் பிளாக்கில் 32 மனைகள். அவற்றுள் 23 நிரம்பியுள்ளன: உயிர் 3, மெய் 15, உயிர்க்குறி 2, பமுத்பொத் 1, நிறுத்தக்குறி 2. எஞ்சிய ஒன்பதும் காலி மனைகள். தமிழின் பிளாக்கில் 128 மனைகள் உள்ளன.

அம்மனைகளில் எழுத்துகள் அமர்ந்திருக்கும் வரிசையும் நமக்கு அந்நியமானதன்று. முதலில் உயிர்கள், அடுத்துக் ககரத்தின் இரு வடிவங்கள், அவற்றை அடுத்து ஙகரம், பின்னர்த் தகரமும் நகரமும், பகரமும் மகரமும், அதன்பின் ய, ர, ல, வ. நம் பிள்ளைகள் அரிச்சுவடியில் படிக்கும் முறையே பெரும்பாலும் அங்கும் காணப்படுகிறது.

நம் ஙகரத்தின் கதவில் எழுதியிருக்கும் எண் 2969. ஹனுனோ ஙகரத்தின் கதவில் எழுதியிருக்கும் எண் 5925. கணிப்பொறியின் சுழி ஒன்று மொழியில் சொன்னால் 1011100100101. ‘மங்யன்’ என்னும் பெயரை ஹனுனோவில் தட்டினால் கணிப்பொறி 5931, 5925, 5940, 5932, 5928, 5940 என ஆறு எண்களைக் குறித்துக்கொள்கிறது. 5940 என்பது பமுத்பொத். அஃது இருமுறை வருகிறது. அதே பெயரைத் தமிழில் தட்டினால் 2990, 2969, 3021, 2991, 2985, 3021 என அங்கும் ஆறே எண்கள். 3021 என்னும் நம் புள்ளியும் இருமுறையே வருகிறது. எண்கள் வேறு; இலக்கணம் ஒன்று. பழைய மூங்கில் முறைப்படி எழுதினாலோ 5931, 5932 என்னும் இரண்டே எண்கள் நிற்கும்.

எண் என்பது எழுத்து இன்னது என்று சொல்லுமேயன்றி, அதன் வடிவத்தைச் சொல்லாது. வடிவத்தைத் தருவது எழுத்துரு. அவ்வெழுத்துருவும் இன்று அவர்களுக்கு இல்லாமல் இல்லை. கூகுள் நிறுவனம் வெளியிட்டுள்ள நோட்டோ என்னும் எழுத்துரு வரிசையில் ஹனுனோவுக்கும் ஒன்று உண்டு. ஆயினும் திரையில் அவ்வெழுத்துகள் இடமிருந்து வலமாகவே செல்கின்றன. கீழிருந்து மேலாகக் கத்தி கீறிச் செல்லும் அழகையும், இடக்கைக்காரரின் கண்ணாடி எழுத்தையும் திரையில் காண முடியாது. கணிப்பொறி ஏற்றுக்கொண்டது எழுத்தை. எழுதும் கையை அன்று.

ஆயினும் எண்ணின் பெருமை குறைந்ததன்று. யூனிக்கோட்டில் ஒருமுறை கொடுத்த எண்ணைத் திரும்பப் பெறுவதில்லை. வேறு எழுத்துக்கு மாற்றிக் கொடுப்பதும் இல்லை. நம் காலனியில் பணி ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும்; மறுதிங்களே வேறொரு குடும்பம் அங்கே பால் காய்ச்சும். 5925இல் குடியேறிய ஙகரத்துக்கு அக்கவலை இல்லை. பேசுவோர் தொகை சிறிது என்பதனால் அதன் உரிமையும் சிறிதாகிவிடவில்லை. உலகத்துப் பெருமொழிகளுக்கு உள்ள உரிமை எதுவோ, அதுவே மிண்டோரோவின் மலைச்சரிவுக்கும் உண்டு.

பெரிய மொழிக்கும் சிறிய குடியின் எழுத்து உதவுகிறது என்பதற்கும் இங்கே சான்று உண்டு. தகலோகம் பிலிப்பீனின் பெருமொழிகளுள் ஒன்று. ஆனால் அதன் பழைய எழுத்துக்கு யூனிக்கோட்டில் ரகரத்துக்கு இடமில்லாமலும், பமுத்பொத் இல்லாமலும் இருந்தது. 2021இல் வெளிவந்த 14ஆம் பதிப்பில்தான் அவை தகலோகப் பகுதியிலும் சேர்க்கப்பட்டன. ஹனுனோ மூங்கிலுக்காகப் பிறந்த குறியை நகரத்து இளைஞர்கள் தம் பழைய எழுத்தை மீட்டு எழுதும்போது விரும்பிக் கையாளுகிறார்கள்.

பெரியோர்களே, இதுவரை கூறியது எண்ணின் கதை. இனிக் கூறப்போவதே நாம் வலியுறுத்த விரும்பும் செய்தி. ஹனுனோ எழுத்து வாழ்வது 5925 என்னும் எண்ணினாலா? இல்லை. 2002க்கு முன்னரே அது வாழ்ந்துகொண்டுதான் இருந்தது. 1997இல் பிலிப்பீன் தேசிய அருங்காட்சியகம் அதனை நாட்டின் பண்பாட்டுச் செல்வம் என்று அறிவித்தது. 1999இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. அச்சிறப்புகள் வருவதற்கு முன்னரும் அது வாழ்ந்தது. பள்ளிக்கூடம் இன்றி, பாடநூல் இன்றி, தேர்வு இன்றி வாழ்ந்தது. எவ்வாறு?

அவர்கள் இளம்பருவத்தில் எழுத்தைக் கற்பது காதற்பாட்டுக்காக. ஒருவர் எத்தனை பாட்டு அறிவாரோ அத்தனை மதிப்பு அவர்க்கு உண்டு. கேட்ட பாட்டை மறவாதிருக்க மூங்கிலில் எழுதிக்கொள்ள வேண்டும். விரும்பியவர்க்கு மடல் விட வேண்டும். உறவினர்க்குச் செய்தி அனுப்ப வேண்டும். அடிக்கு ஏழு அசையாக அமையும் ‘அம்பஹான்’ என்னும் பாட்டு அவர்களின் தனிச்செல்வம். அப்பாட்டில் வல்லவரான கினாவ் பிலோக் என்னும் ஹனுனோ புலவருக்கு 1993இல் அந்நாட்டின் உயர்ந்த மரபுக்கலை விருது வழங்கப்பட்டது. எழுத்துகளை அவர்கள் வரிசையாக ஒப்பிப்பதில்லை. கற்பவர் முதலில் எழுதப் பழகுவது தம் சொந்தப் பெயரை. பெயரில் உள்ள எழுத்துகள் வசமானபின் அடுத்த சொல்; அதன்பின் அடுத்த பாட்டு. எழுத்தின்மேல் அவர்கள் வைத்தது பக்தியன்று, தேவை.

இப்பொழுது நம் காலனியைப் பாருங்கள். நம் ஙகரத்துக்கு எண் கிடைத்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. நம் கைகளில் உள்ள பேசிகள் ஒவ்வொன்றிலும் 2969 காத்திருக்கிறது. ஆயினும் நம் இளைஞர் பலர், ‘அம்மா, நான் வருகிறேன்’ என்னும் மூன்று சொற்களையும் உரோம எழுத்தில் தட்டி அனுப்புகிறார்கள். மொழி தமிழ்தான், அன்பும் தமிழ்தான், எழுத்து மட்டும் அயல். மனை நம் பெயரில் இருக்கிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது. பூட்டிய வீட்டுக்கு நிகழும் கதி என்ன என்பது குவார்ட்டர்ஸில் வாழும் நமக்குத் தெரியும். ஈரம் ஏறும்; கதவு இறுகும்; சாவி எங்கே என்று தேடும் நாளில் சாவியே பொருந்தாது.

பிள்ளைகளைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. அவர்கள் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பயில்கிறார்கள். விளையாட்டுத் திடலில் அம்மொழிகளிலேயே நட்புக் கொள்கிறார்கள். தமிழ் எழுத்து அவர்களுக்கு எதற்குத் தேவைப்படுகிறது? ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒப்பிப்பதற்கும், ஆண்டு விழாப் போட்டியில் பரிசு பெறுவதற்கும் மட்டுமே என்றால், வகுப்பும் விழாவும் முடிந்ததும் அது மூட்டை கட்டப்பட்டுவிடும். தேவை என்று ஒன்றை நாம் உண்டாக்கித் தராமல், பற்று இல்லையே என்று வருந்துவதில் பயன் என்ன?

ஆகவே, மிண்டோரோ மலைமக்களிடமிருந்து இரண்டு செயல்களை நாம் கற்றுக்கொள்ளலாம். ஒன்று, நெடுங்கணக்கு முழுவதும் மனப்பாடமாகட்டும் என்று காத்திராமல், பிள்ளை முதலில் தன் பெயரை எழுதட்டும். அடுத்துத் தாத்தா பாட்டியின் பெயரையும், சொந்த ஊரின் பெயரையும் எழுதட்டும். இரண்டு, எழுதியதற்கு எங்கிருந்தேனும் ஒரு மறுமொழி வரட்டும். ஊரிலிருக்கும் பாட்டிக்கு வாரம் ஒரு முறை இரண்டு வரியைத் தமிழெழுத்தில் அனுப்பச் செய்யுங்கள். ‘என் கண்ணே, உன் எழுத்தைப் பார்த்தேன்’ என்று பாட்டி தமிழில் எழுதும் ஒரு வரி, நாம் மேடையில் நிகழ்த்தும் பத்து உரைகளினும் வலியது. சங்கத்தின் அறிவிப்புகளும், நம் குடும்பங்களுக்குள் செல்லும் திருமண, பொங்கல் வாழ்த்துகளும் பேசியிலும் தமிழெழுத்திலேயே செல்லட்டும். பெரியோர் எழுதுவதைக் கண்டால்தான் சிறியோர் எழுதுவர்.

எழுத்துக்கு எண் கொடுப்பது அறிஞர் குழுவின் வேலை. அதனை அவர்கள் செவ்வனே செய்து முடித்துவிட்டார்கள். அவ்வெண்ணுக்குரிய வீட்டில் விளக்கேற்றுவது குடும்பங்களின் வேலை. இதனை எந்தக் குழுவும் நமக்காகச் செய்து தர இயலாது. எத்தனை காலனி மாறினாலும் நாம் காலி செய்ய வேண்டாத வீடு நம் எழுத்து ஒன்றே. அவ்வீட்டில் நம் பிள்ளைகள் உரிமையோடு குடியிருப்பார்களாக!